தரையிலிருந்து ஓர் எழுச்சி

ரோமாபுரியில் வாளெடுத்த அடிமைகளின் கதை ஆறாயிரம் சிலுவைகளில் முடிந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் அடிமை வழியினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கேட்டது ஜெப ஆலயத்தில் உட்கார ஒரு பெஞ்சு. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் சட்டம் படித்த ஒரு வக்கீல்.

மட்டாஞ்சேரியின் யூதத் தெரு குறுகலானது. இருபுறமும் பழம்பொருள் கடைகள், காஷ்மீர் சால்வைகள், சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகள். தெரு முட்டி நிற்கிற இடத்தில் 1760இல் கட்டிய மணிக்கூண்டு. அதன் ஒரு முகத்தில் ரோமன் எண்கள், இன்னொரு முகத்தில் ஹீப்ரு எழுத்துகள். அதையொட்டி, 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம். ஊர்க்காரர்கள் 'ஜூதப் பள்ளி' என்பார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் டூரிஸ்டுகளின் பார்வை முதலில் தரையில்தான் விழுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த, கையால் வரையப்பட்ட நீல வெள்ளை ஓடுகள். பிறகு மேலே: கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகள். நடுவில் பளபளக்கும் பித்தளைக் கம்பியழிகள் சூழ்ந்த மேடை. காமிராவைக் கையில் எடுக்கத் துடிக்கிறவர்களுக்கு, ஒரு நிமிடம் முன்பு தாங்கள் கடந்து வந்த சிறிய முன்கூடம் நினைவில் நிற்பதில்லை. பார்க்க அங்கே எதுவும் இல்லை.

அந்த முன்கூடத்துக்கு 'அஸாரா' என்று பெயர். பல தலைமுறைகளாக இந்த ஆலயத்தில் ஒரு பிரிவினர் அங்கே தரையில் உட்கார்ந்துதான் ஜெபித்தார்கள். உள்ளே இருந்த பெஞ்சுகளில் அவர்களுக்கு இடமில்லை. தோரா சுருளை வாசிக்க அவர்களை மேடைக்கு அழைப்பதில்லை. ஆலயத்தாரின் குடும்பங்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. செத்தாலும் கல்லறை தனி. அவர்களுக்கு வைத்திருந்த பெயர் 'மெஷுஹ்ராரிம்'. ஹீப்ருவில் 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று பொருள். எதிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள்? அடிமைத்தனத்திலிருந்து.

முன்கூடத்துத் தரையிலிருந்து பெஞ்சுக்குச் சில அடி தூரம்தான். அதைக் கடக்க அவர்களுக்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆயிற்று.

கப்புவாவின் சமையல் கத்திகள்

அடிமைகளின் எழுச்சி என்றதும் உலகம் நினைப்பது ஸ்பார்ட்டகஸை. கார்ல் மார்க்ஸ் தனக்குப் பிடித்த வீரர்கள் என்று 1865இல் எழுதிக் கொடுத்தபோது ஸ்பார்ட்டகஸைத்தான் சொன்னார். கூடவே வானியல் அறிஞர் கெப்ளரையும். அமெரிக்காவில் சிறை சென்று வந்த ஹோவர்ட் ஃபாஸ்ட் 1951இல் எழுதிய நாவலும், அதிலிருந்து 1960இல் வந்த கர்க் டக்ளஸ் படமும் அந்தப் பெயரைக் கேரளத்தின் வாசகசாலைகளிலும் தமிழ்நாட்டின் தொழிற்சங்க மேடைகளிலும் பழகிய பெயராக்கின.

நிஜ ஸ்பார்ட்டகஸ் திரேஸ் நாட்டுக்காரர். இத்தாலியின் கப்புவா நகரில், கூட்டத்தின் முன்னால் வெட்டிக்கொண்டு சாவதற்கென்றே ஆட்களைப் பழக்கிய கிளாடியேட்டர் பள்ளியில் அடைபட்டிருந்தவர். கி.மு. 73இல் அங்கிருந்து எழுபது எண்பது பேர் தப்பினார்கள். கையில் கிடைத்த ஆயுதம், சமையலறைக் கத்திகளும் இறைச்சி வாட்டும் கம்பிகளும். அவர்கள் வெசூவியஸ் மலை உச்சிக்கு ஏறினார்கள். ரோமாபுரிப் படை ஒரே பாதையை மறித்துக்கொண்டு, பட்டினியால் இறங்கி வருவார்கள் என்று காத்திருந்தது. மலையில் மண்டிக் கிடந்த காட்டுத் திராட்சைக் கொடிகளைப் பின்னி ஏணியாக்கி, செங்குத்துப் பாறை வழியே இறங்கி, படையைப் பின்னாலிருந்து தாக்கினார்கள் அடிமைகள்.

செய்தி பரவியது. பண்ணை அடிமைகளும் ஆடு மேய்ப்பவர்களும் வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களில் அது பல்லாயிரம் பேர் கொண்ட சேனையாயிற்று. கொள்ளையில் கிடைத்ததை ஸ்பார்ட்டகஸ் எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டார், பொன்னும் வெள்ளியும் தன் பாசறைக்குள் வரக்கூடாது என்று தடுத்தார் என்று அப்பியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். எழுதியவர் அடிமைகளின் பக்கம் நின்றவரல்ல. ரோமாபுரி ஆட்சியை மெச்சியவர்.

ஸ்பார்ட்டகஸுக்கு முன்பே சிசிலித் தீவில் இரண்டு முறை அடிமைகள் எழுந்ததுண்டு. கி.மு. 135இல் தொடங்கிய முதல் எழுச்சிக்குத் தலைவர், யூனுஸ் என்ற சிரியா நாட்டு அடிமை. வாயிலிருந்து நெருப்பு வரவழைத்துத் தெய்வம் தன்னோடு பேசுவதாகக் காட்டியவர். வென்றதும் தலையில் முடி சூட்டிக்கொண்டார். ஸ்பார்ட்டகஸ் ராஜாவாக ஆசைப்பட்டதாக யாரும் எழுதவில்லை. அவர் வடக்கு நோக்கி நடந்தார். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினால் அவரவர் தாய்நாட்டுக்குப் போய்விடலாம்.

கி.மு. 72இல் வழி திறந்தது. வடக்கே நின்ற ரோமாபுரிப் படையும் தோற்றது. ஆனால் அந்தப் பெரும் கூட்டம் மலையைத் தாண்டாமல் தெற்கே திரும்பிவிட்டது. ஏன் என்று இரண்டாயிரம் வருடமாக அறிஞர்கள் விவாதித்து வருகிறார்கள். திரும்பியது விபரீதமாயிற்று. சிசிலிக்கு ஏற்றிப் போவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய கடற்கொள்ளைக்காரர்கள் கைவிட்டுப் போனார்கள். ரோமின் பெரும் பணக்காரரான கிராஸஸ், இத்தாலியின் கால்விரல் போன்ற நிலப்பகுதிக்குக் குறுக்கே அகழி வெட்டி அவர்களை அடைத்தார். அதையும் உடைத்து வெளியே வந்தவர்கள் கி.மு. 71இல் கடைசிப் போரில் மடிந்தார்கள். ஸ்பார்ட்டகஸின் உடல் கிடைக்கவேயில்லை. பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள்.

ஸ்பார்ட்டகஸ் சேனையைப் பிளந்த கேள்வி ஒன்று உண்டு. எழுந்துவிட்ட அடிமை என்ன செய்வது? எஜமானின் எல்லையைத் தாண்டி வெளியேறுவதா, அங்கேயே நின்று மோதுவதா? மட்டாஞ்சேரியின் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இதே கேள்வி வந்தது. தாத்தா ஒரு பதில் சொன்னார். பேரன் வேறொரு பதில் சொன்னார்.

அகதியாக வந்தவர், அடிமை வைத்தவர்

ஸ்பார்ட்டகஸ் மடிந்து நாற்பத்தோரு வருடத்தில், கி.மு. 30இல், ரோம் எகிப்தைக் கைப்பற்றியது. செங்கடல் துறைமுகங்கள் கைக்கு வந்தன. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பல்களைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். அந்தக் கப்பல்கள் வந்து நின்ற முசிறி, இன்றைய கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது.

கி.பி. 70இல் அதே ரோமாபுரிப் படை எருசலேமின் யூதக் கோயிலை இடித்தது. பல்லாயிரம் யூதர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அப்போது தப்பியவர்களில் சிலர் மிளகுக் கப்பல்களின் வழியே முசிறிக் கரைக்கு வந்ததாகக் கொச்சி யூதர்களின் மரபு சொல்கிறது. மரபுக்குச் சான்று இருக்கட்டும், கி.பி. 1000 வாக்கில் அவர்கள் இங்கே வேரூன்றியிருந்தார்கள் என்பதற்குச் செப்பேடே இருக்கிறது. சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு 72 சிறப்புரிமைகள் கொடுத்த பட்டயம் அது. எழுத்து வட்டெழுத்து. தமிழ் படித்தவர்களுக்கு அதன் மொழி அந்நியமாகத் தெரியாது. அந்தச் செப்பேடுகள் பரதேசி ஆலயத்தின் பொக்கிஷம்.

ஆக, ரோமாபுரி அடிமையாக்க நினைத்த ஒரு ஜனம் அடைக்கலம் தேடி வந்த கரை இது. வருடா வருடம் பஸ்கா பண்டிகையில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசே தங்களை மீட்டு வந்த கதையைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கிறவர்கள் யூதர்கள். ஒவ்வொரு தலைமுறையும் தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த இரவின் விதி. கொச்சியிலும் புளிப்பில்லா அப்பத்தோடு அந்த இரவு தவறாமல் வந்தது. அதைப் படித்த வீடுகளிலும் அடிமைகள் இருந்தார்கள்.

அன்று கொச்சியில் வசதியுள்ளவர்கள் அடிமை வைத்திருந்ததில் அதிசயம் இல்லை. மலபாரின் வயல்களில் புலையர்களும் செறுமர்களும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1663இல் டச்சுக்காரர்களிடம் கொச்சி விழுந்தபோது, போர்த்துக்கீசியர் தங்கள் புதையலுக்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு ஓடினார்கள் என்று ஊர்க்கதை. அவர்களின் ஆவிக்குக் 'காப்பிரி முத்தப்பன்' என்று பெயர் வைத்து, மட்டாஞ்சேரியில் ஒரு சிறு மாடத்தில் இன்றும் சுருட்டும் கள்ளும் புட்டும் படைக்கிறார்கள். டச்சுக் கம்பெனி இன்னும் ஒழுங்காக வியாபாரம் செய்தது. அது கொச்சியில் எழுதி வைத்த அடிமை விற்பனைப் பத்திரங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொச்சியில் ஏற்றப்பட்ட மனிதர்கள் பட்டேவியாவிலும் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும் இறக்கப்பட்டார்கள்.

யூத வீட்டு அடிமைக்கு ஒரு வித்தியாசம் இருந்தது. யூத மதச் சட்டப்படி அடிமையை மதத்துக்குள் சேர்க்கலாம். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, சடங்குக் குளியலும் முடிந்துவிட்டால் அவர் முழு யூதர். சட்டத்தில் இதற்கு மேல் ஒரு படி கிடையாது. விடுவிக்கப்பட்ட அடிமைகளும் அவர்களது சந்ததியும், எஜமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளைகளும் இப்படித்தான் யூதர்கள் ஆனார்கள்.

ஆனால் கொச்சி நடைமுறை வேறாக இருந்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே இங்கிருந்து எகிப்தின் கெய்ரோவுக்குக் கடிதம் போனது. அந்தக் காலத்தின் பெரிய மத அறிஞரான ரபி டேவிட் இபின் ஸிம்ராவிடம் கேள்வி: அடிமை வழியினர் என்று சொல்லப்படுகிறவர்களோடு கலியாணம் செய்யலாமா? முறைப்படி விடுவித்துச் சடங்குக் குளியல் செய்துவிட்டால் தடையில்லை என்று பதில் வந்தது. பதிலைக் கேட்டவர்களில் பணம் படைத்தவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நானூறு வருடம் நடைமுறை மாறவில்லை. கோயிலுக்கு இத்தனை அடி தள்ளி நில் என்று மனிதனை அளந்த மண்ணில், யூதர்களும் தங்களுக்குள் அடி அளந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். ஸ்பெயினிலிருந்தும் அலெப்போ போன்ற மேற்காசிய நகரங்களிலிருந்தும் பதினாறாம் நூற்றாண்டு முதல் வந்தவர்களே 'பரதேசி' யூதர்கள். வெள்ளை யூதர்கள் என்று ஊர் சொல்லும். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கிருந்த மலபாரி யூதர்கள்தான் எண்ணிக்கையில் மிகப் பெரும்பாலோர். கறுப்பு யூதர்கள் என்று அழைக்கப்பட்ட அவர்களையும் அடிமை வழி என்று சொல்லப் பரதேசிகளில் சிலர் தயங்கவில்லை. மலபாரிகள் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்குச் சொந்த ஆலயங்கள் இருந்தன. மெஷுஹ்ராரிம்களுக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. பரதேசி ஆலயத்தின் முன்கூடம்தான் அவர்களுக்கு இருந்த இடம்.

ஆவோவின் வெளியேற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களிடையே ஒரு தலைவர் தோன்றினார். பெயர் ஆவோ. 1840களில் அவர் எடுத்த முடிவு, ஸ்பார்ட்டகஸ் வடக்கே நடந்ததைப் போன்றது: வெளியேறுவது.

வெளியேற மலை எதையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தது. அதையொட்டி, நடந்தே போகும் தூரத்தில் இருந்த கோட்டைக் கொச்சி, 1795 முதல் ஆங்கிலேயர் வசம். எல்லையைத் தாண்டினால் சட்டமே வேறு. கம்பெனி ஆட்சிப் பகுதியில் 1843இன் ஐந்தாவது சட்டம், அடிமை என்ற அந்தஸ்தை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. கொச்சி சமஸ்தானம் அடிமை முறையை ஒழித்தது 1854இல், திருவிதாங்கூர் 1855இல்.

ஆவோவின் தலைமையில் மெஷுஹ்ராரிம் கோட்டைக் கொச்சிக்குக் குடிபெயர்ந்து, தங்களுக்கென்று ஒரு ஜெபக்கூடம் அமைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் தரையில் உட்காரச் சொல்லாத கூடம். அது நிலைக்கவில்லை. கொள்ளைநோயும் சாவும் அந்தச் சிறு கூட்டத்தைக் குலைத்தன. மிஞ்சியவர்கள் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினார்கள். மறுபடி அதே முன்கூடம், அதே தரை.

தோற்றுப்போன எழுச்சிகளுக்கு ஒரு குணம் உண்டு. அவற்றை வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பேசப்பட்ட ஒரு வீட்டில், 1882இல், ஆவோவின் பேரன் பிறந்தார்.

யூத காந்தி

ஆப்ரஹாம் பராக் சலேம் என்பது முழுப்பெயர். ஏ.பி. சலேம் என்றால்தான் கொச்சியில் தெரியும். நம் சேலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பைபிளில் வரும் சாலேம் இது, எருசலேமின் பழம்பெயர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னைக்குப் போய்ப் பட்டமும் சட்டமும் முடித்து வக்கீலாகத் திரும்பினார். கொச்சி யூதர்களிலேயே முதல் பட்டதாரி அவர்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகம் படித்தவர், தரையில் உட்கார வேண்டியவர்.

ஊருக்குள் அவருக்குக் கிடைத்த மரியாதையையும் ஆலயத்துக்குள் கிடைத்த இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புரியும். கொச்சி சட்டசபை 1925இல் அமைந்தபோது அதில் உறுப்பினர். 1931 வரை ஒரு முறை, 1939 முதல் 1945 வரை மறுமுறை. தொழிலாளர் சங்கங்களுக்காகப் பேசினார். எர்ணாகுளத்தில் ஒரு மேட்டில் ஏறி நின்று அவர் பிரசங்கம் செய்வார். ஜனங்கள் அந்த மேட்டுக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். முழு சுதந்திரமே லட்சியம் என்று தீர்மானித்த 1929ஆம் வருட லாகூர் காங்கிரஸுக்கும் போய் வந்தார். மகாராஜாவின் சபையில் நாற்காலி உண்டு, தன் தெய்வத்தின் சபையில் பெஞ்சு இல்லை.

தாத்தாவைப் போல அவர் வெளியேறவில்லை. தனியாக ஒரு ஜெபக்கூடம் கட்டுவது ஒரு வக்கீலுக்குக் கஷ்டமான காரியமாக இருந்திருக்காது. அப்படிக் கட்டியிருந்தால் பரதேசி ஆலயத்தாருக்கும் நிம்மதிதான். அவர்கள் எதிர்பார்க்காத பக்கம் சலேம் திரும்பினார். நாங்களும் இந்த ஆலயத்துக்காரர்கள்தான், மதச் சட்டப்படி முழு யூதர்கள், எங்கள் இடம் உள்ளே இருக்கிறது என்றார்.

அதற்கான ஆயுதம் பக்கத்திலேயே தயாராகிக்கொண்டிருந்தது. கொச்சிக்குத் தெற்கே வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர்களும் புலையர்களும் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச்சில் சத்தியாகிரகம் தொடங்கியது. ஈ.வெ. ராமசாமி அங்கே போய் இரண்டு முறை சிறைப்பட்டதைத் தமிழர்கள் அறிவார்கள். 1931இல் குருவாயூர் சத்தியாகிரகம். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம். ஒரே மண், ஒரே காலம், ஒரே கேள்வி. கோயில் வாசலில் ஈழவர் கேட்டதை ஜெப ஆலய வாசலில் சலேம் கேட்டார்.

சில காலம் ஆலயத்தையே புறக்கணித்தார். பிறகு சத்தியாகிரகம். சண்டை என்றால் எதிரியைத் தாக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே எதிரி, எதிர்வீட்டுக்காரர். யூதத் தெருவில் இரு தரப்பும் ஒரே திண்ணைகளைக் கடந்து போக வேண்டும், ஒரே நாளில் ஓய்வு, ஒரே விரதம், ஒரே மொழியில் ஜெபம். கத்தியை எடுத்திருந்தால் நியாயம் ஒரே நாளில் மறுபக்கம் போயிருக்கும். அடுத்த தலைமுறையிடமிருந்து பழைய பழக்கத்தைப் பிரித்தெடுக்கும் வேலைக்குத் தேவைப்பட்டது பிடிவாதமும் பொறுமையும். சலேமிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. அவருடைய மகன்கள் வளர்ந்து அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் மேண்டல்பாம் 1937இல் கொச்சிக்கு வந்தார். 1939இல் வெளியான அவரது கட்டுரையில், சலேமைச் சிலர் 'யூத காந்தி' என்று அழைப்பதைக் குறித்து வைத்தார். பழைய தடைகள் பலவும் அதற்குள் உதிர்ந்துவிட்டதையும் பார்த்தார். பெஞ்சு கிடைத்தது. வாசிக்கும் உரிமையும் மெள்ள மெள்ள வந்தது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், ஒரு பிரகடனமும் இல்லாமல், முன்கூடத்துத் தரை காலியாயிற்று.

கலியாணம் என்ற கடைசிக் கதவு

கலியாணத் தடை மட்டும் அத்தனை எளிதில் உடையவில்லை. பக்கத்தில் உட்கார விடுவது வேறு, பெண் கொடுப்பது வேறு. இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1950இல் சலேமின் மகன் ஒருவரும், பரதேசிகளின் செல்வாக்கான குடும்பத்துப் பெண் ஒருவரும் கலியாணம் செய்துகொள்ளத் துணிந்தபோது, உள்ளூரில் அதற்கு வழியில்லை. பம்பாய்க்குப் போய்த்தான் மணம் முடிக்க வேண்டியிருந்தது. ஜோடி திரும்பி வந்தபோதும் ஊர் மேளம் கொட்டி வரவேற்கவில்லை. ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

பரதேசிகளின் பக்கத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. நூறு சொச்சம் பேர் உள்ள சமூகம், அந்த நூறுக்குள்ளேயே வரன் தேட வேண்டும். மலபாரி வேண்டாம், மெஷுஹ்ரார் வேண்டாம் என்று தள்ளித் தள்ளி, பல வீடுகளில் பிள்ளைகள் கலியாணமில்லாமலே வயதானார்கள். தூய்மையைக் காப்பாற்றப் போட்ட வேலி தொட்டிலைக் காலியாக வைத்தது.

கதவு திறந்த அதே காலத்தில், வீட்டுக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். 1948இல் இஸ்ரேல் பிறந்தது. கொச்சி யூதர்கள் அப்போது சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர். எவரும் துரத்தவில்லை. பல தலைமுறை ஜெபத்தில் கேட்ட ஊர் கூப்பிட்டது. மலபாரி யூதர்கள் வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள். யானைக்கால் நோயைக் காரணம் காட்டி இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கினார்கள். அவர்களுக்காக வாதாட இஸ்ரேலுக்குப் போனவர், எழுபது வயதைத் தாண்டிய சலேம்தான். அடிமை வழி என்ற பழி தன்மேல் இருந்த மனிதர், அதே பழியைப் பாதி சுமந்த இன்னொரு கூட்டத்துக்காகக் கடல் தாண்டிப் போனார். தடை நீங்கியது. 1950களின் நடுவில் மலபாரி யூதர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்றான நெவாதீமில் கேரளத்து முறையில் ஒரு ஜெப ஆலயம் இருக்கிறது. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எல்லாரையும் அனுப்பி வைத்தவர் தான் போகவில்லை. 1933லேயே பாலஸ்தீனம் போய்ப் பார்த்து, யூதர்களின் தாயகக் கனவில் பங்கு கொண்டவர்தான். ஆனாலும் கொச்சியிலேயே இருந்தார். 1967இல் கொச்சியிலேயே இறந்தார். மறுவருடம் பரதேசி ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அரசு தபால்தலை வெளியிட்டது. யூதத் தெருவில் ஒரு சாலைக்குச் சலேமின் பெயர் வைத்தார்கள். பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் கடை விலாசத்தில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, ஏதோ வியாபாரியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

ஸ்பார்ட்டகஸைப் பற்றி அவருடைய எதிரிகள் எழுதியதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் பேசிய ஒரு வாக்கியம்கூட நம்பத்தக்க வகையில் மிஞ்சவில்லை. சலேம் வருடக்கணக்காக டைரி எழுதினார். சட்டசபையில் பேசினார். அடிமை வழியில் வந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதத் தொடங்கியது சின்ன விஷயமல்ல. ஆனால் உலகத்துக்கு நெருப்பும் வாளும் உள்ள எழுச்சிதான் ஞாபகத்தில் நிற்கிறது. படம் எடுக்கவும் அதுதான் சௌகரியம். ஒரு பெஞ்சில் உட்காருவதற்காக ஆயுள் முழுதும் பிடிவாதம் பிடித்த வக்கீலை யார் படம் எடுப்பார்கள்?

இன்று மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர்கள் அநேகமாக இல்லை. கடைசித் தலைமுறையும் ஒவ்வொருவராக விடைபெற்றுவிட்டது. ஆலயம் மட்டும் துடைத்துப் பளபளப்பாக இருக்கிறது. யூத முறைப்படி, பருவமடைந்த பத்து ஆண்கள் கூடினால்தான் பொது ஜெபம் நடத்தலாம். அந்தப் பத்துப் பேர் இப்போது உள்ளூரில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து யூதப் பயணிகள் வந்து சேர்ந்தால், அன்று மட்டும் ஜெபம். வருகிறவர் எந்த நிறம், யார் வழி வந்தவர் என்று யாரும் விசாரிப்பதில்லை. பத்துப் பேர் தேறினால் போதும். எந்தப் பெஞ்சில் வேண்டுமானாலும் உட்காரலாம்.